பாஸ்குவா: அடைமொழி யாருக்கு?

ஸ்பானிஷ் மொழியின் 'பாஸ்குவா'வை ஆங்கிலத்தில் 'ஈஸ்டர்' என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஒரே மதம், ஒரே பண்டிகை, இதுல என்ன சிக்கல் என்று கேட்பவர்கள், ஸ்பெயினில் டிசம்பர் மாதத்தில் 'பாஸ்குவா வாழ்த்து' சொல்லிக்கொள்வதை எங்கே கொண்டுபோய் வைப்பார்கள்? கிறிஸ்து பிறப்பு, மூன்று ராஜாக்கள் திருநாள், உயிர்த்தெழுதல், பெந்தெகொஸ்தே நான்கையும் அந்த ஒரு சொல் சுமக்கிறது. டிசம்பரில் சிவக்கும் செடிக்கு அங்கே 'பாஸ்குவாப் பூ' என்று பெயர். அதை 'ஈஸ்டர் பூ' என்று பெயர்த்தால் செடி நாலு மாதம் காத்திருந்து பூக்க வேண்டியதுதான்.

இது அகராதியைத் திருத்தினால் தீர்ந்துவிடும் சங்கதி அல்ல. பாஸ்குவாவின் வேர் எபிரேயப் 'பெசாக்'. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து யூதர்கள் வெளியேறியதன் நினைவு அது. ஆங்கில 'ஈஸ்டர்' வேறு வழியில் வந்தது. ஏயோஸ்த்ரே என்ற பெண்தெய்வத்தின் பெயரே அதன் மூலம் என்று 725இல் பீட் என்ற துறவி எழுதினார். 1530இல் வில்லியம் டிண்டேல் எபிரேயத்திலிருந்து ஐந்தாகமங்களைப் பெயர்க்கையில் யூதப் பண்டிகைக்கு 'பாஸோவர்' என்று புதுச்சொல் புனைந்தார். அவர்களுக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று ஆங்கிலத்தில் பாகப்பிரிவினை நடந்தது இப்படித்தான். 1611 விவிலியத்தில் அப்போஸ்தலர் நடபடிகள் 12:4இல் மட்டும் யூதப் பண்டிகை 'ஈஸ்டர்' என்றே தங்கிவிட்டது. பழைய கலப்பின் தழும்பு அது.

அப்படியானால் ஆங்கிலம் உறவை வெட்டிய மொழி, ஸ்பானிஷ் உறவைக் காத்த மொழி என்று தீர்ப்பெழுதலாமா? இங்கிலாந்து யூதர்களை விரட்டியது 1290இல்; ஸ்பெயின் விரட்டியது 1492இல். சொல்லை வைத்துக்கொண்டு சொல்லுக்குரியவர்களைத் துரத்தினார்கள். இன்றும் ஸ்பானிஷில் கிறிஸ்தவப் பண்டிகை வெறும் 'பாஸ்குவா'. மூலவர்களுடையதுதான் 'யூதப் பாஸ்குவா'. அடைமொழி யார் தலையில் விழுகிறதோ அவர்களே அந்நியர். அபகரிப்பைப் பாரம்பரியமாகக் காட்டுவது மொழிக்குக் கைவந்த கலை.

1722 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. டச்சுக்காரர் யாக்கப் ரொக்கவேன் பசிபிக் தீவொன்றை அடைந்து அந்நாளின் பெயரையே தீவுக்கு இட்டார். ஆங்கிலத்தில் 'ஈஸ்டர் தீவு', ஸ்பானிஷில் 'பாஸ்குவாத் தீவு'. இங்கே மொழிபெயர்ப்பு பழுதே இல்லாமல் நடக்கிறது. தீவின் மக்கள்தான் இரண்டு பெயரிலும் இல்லை. அடிமைகளின் விடுதலையை வேராகக் கொண்ட சொல்லைச் சுமந்த அந்தத் தீவுக்கு 1862இல் பெருவிலிருந்து அடிமை பிடிக்கும் கப்பல்கள் வந்தன. பிடித்துப்போனது போக, நோயும் அழிவும் தின்றது போக, 1877இல் அங்கே எஞ்சியவர்கள் 111 பேர். 1888இல் சிலி அதைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. தங்கள் மண்ணை அவர்கள் 'ராப்பா நூயி' என்கிறார்கள்.

இரண்டு அதிகார மொழிகளுக்கிடையே ஒரு சொல் சிக்கலில்லாமல் கடந்துபோனால், மொழிபெயர்ப்பாளன் சந்தோஷப்படக் கூடாது. மூன்றாவதாக யார் வாய் அடைபட்டிருக்கு என்று அங்கேதான் தேட வேண்டும்.