சந்தன அத்தர்: அடக்கமும் அதன் விலையும்

ஆண்கள் பூசிக்கொள்ளும் வாசனைப் பொருள்களில் நம் ஊர் வெயிலோடு ஒத்துப்போவது சந்தன அத்தர்தான் என்பது என் துணிபு. ஆனால் அதைப் பற்றிச் சொல்லப்படும் புகழ்ச்சி அத்தனையும் சோதனைக்கு நிற்பதில்லை.

கடையில் விற்கும் சென்ட்டில் பெரும்பங்கு ஆல்கஹால். அடித்த நொடியில் அது ஆவியாகி, எலுமிச்சை வகை மணங்களையும் தூக்கிக்கொண்டு அறை முழுக்கப் பரவிவிடும். அத்தரில் ஆல்கஹால் இல்லை. சந்தன எண்ணெயின் உயிரான சாண்டலால் எளிதில் ஆவியாகாத பொருள். மணிக்கட்டில் தொட்டு வைத்த சொட்டு முதலில் ஏறக்குறைய ஊமையாகவே கிடக்கும். உடல்சூடு பட்டபின் காய்ந்த மரத்தின் மணம் எழும். அதன் பின்னாலேயே பாலாடை போன்ற ஒரு கொழுமை வரும். காலையில் பூசியது மாலைவரை சட்டைக் காலருக்குள் தங்கியிருக்கும். எட்ட இருப்பவருக்குத் தெரியாது, தோளோடு தோள் நிற்பவருக்குத் தெரியும். பல சென்ட்டுகள் வியர்வையில் புளித்துப்போகின்றன. சந்தனம் வியர்வையோடு இன்னும் இளகிக் கனிகிறது. நெரிசலான பேருந்தில் அடுத்தவர் மூக்கைத் தொல்லை செய்யாத இந்த அடக்கத்தை நான் பெரிய நாகரிகமாகவே மதிக்கிறேன்.

குறைகளும் உண்டு. வெள்ளை வேட்டியில் பட்டால் எண்ணெய்க்கறை எளிதில் போகாது. பூசியவரின் மூக்கு விரைவில் பழகிவிடுவதால், மணம் போய்விட்டது என்று எண்ணி மேலும் மேலும் பூசுகிறார்கள். அடக்கம் அங்கேயே கெடுகிறது.

இவையெல்லாம் சின்னக் குறைகள். பெரிய குறை கலப்படம். உத்தரப்பிரதேசத்துக் கன்னோஜில் செப்பு அண்டாவில் பூக்களை வேகவைத்து, அந்த ஆவியைச் சந்தன எண்ணெயில் இறக்குவதே மரபு. ரோஜாவோ மல்லிகையோ, எந்த அத்தருக்கும் அடியில் சந்தனம் இருந்தது. இன்று எண்ணெயின் விலை தாளாமல் அந்த இடத்தில் திரவ பாரஃபின் வந்து உட்கார்ந்துவிட்டது. விலை ஏறியதற்குக் காரணம் மரத்திலேயே இருக்கிறது. எண்ணெய் எடுக்கும் அளவுக்குச் சந்தனமரம் வைரம் பாயப் பல ஆண்டுகள் ஆகும். நன்கு முற்ற முப்பது ஆண்டுகூட வேண்டும். முதல் உலகப்போரால் ஜெர்மனிக்குக் கட்டை ஏற்றுமதி நின்றபோது, மைசூர் அரசு 1916-இல் பெங்களூரில் எண்ணெய் ஆலை தொடங்கியது. இத்தகைய ஆலைகளுக்குக் கட்டை தந்த காடுகள் பின்னர் வெட்டிலும் கடத்தலிலும் மெலிந்தன; நம் ஜவ்வாது மலையும் அதற்குத் தப்பவில்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 1998-இல் இந்த மரத்தை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது.

கலப்படம் இவ்வளவு எளிதாகச் செல்லுபடியாவதற்கு அத்தரின் அடக்கமும் உடந்தை. கடை மேசையில் போலி உடனே கமகமக்கும். அசல் சும்மா இருக்கும். வாங்குபவர் ஒரு நிமிடம் முகர்ந்துவிட்டுப் போலியையே தேர்ந்தெடுக்கிறார். நிதானமான மணத்தை அவசரமாக மதிப்பிடும் இந்தப் பழக்கம்தான் ஏமாற்றுக்கு இடம் கொடுக்கிறது.

செயற்கை மணப்பொருளே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஜாவனால் போன்றவை சந்தனச் சாயலை நன்றாகவே தருகின்றன, மரத்தின் மீதுள்ள சுமையையும் குறைக்கின்றன. என் வழக்கு பொய்ச் சீட்டோடு மட்டுமே. சர்வதேசத் தர நிர்ணயப்படி இந்தியச் சந்தன எண்ணெயில் ஆல்ஃபா சாண்டலால் 41 முதல் 55 விழுக்காடு, பீட்டா சாண்டலால் 16 முதல் 24 விழுக்காடு இருக்க வேண்டும். அளந்து பார்க்கக்கூடிய கணக்கு இது. விற்பவரிடம் ஆய்வுச் சான்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அத்தர் வாங்கப் போகிறவர்கள் மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாலையில் முகர்ந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். செயற்கை கலந்தது என்று வெளிப்படையாக எழுதிய புட்டியை நான் தயங்காமல் வாங்குவேன். ‘அசல் மைசூர்’ என்ற சீட்டை மட்டும் நம்பிக் காசு கொடுக்காதீர்கள்.