தாவல் ஆட்டங்களில் சுரங்கம்: கோலார் தங்கவயல் நோக்கில் ஒரு மதிப்பீடு

வீடியோ விளையாட்டுகளுள் 'பிளாட்பார்ம் கேம்' எனப்படும் வகை தனித்த வடிவம் உடையது. பக்கவாட்டில் காட்டப்படும் தட்டுகள், அவற்றை இணைக்கும் ஏணிகள், இடையே விழுவதற்குரிய வெற்றிடம், ஏறவோ தாவவோ வல்ல ஒரு சிற்றுருவம் ஆகியவையே இதன் உறுப்புகள். இதனைத் தாவல் ஆட்டம் என்று சுட்டலாம். 1981இல் வெளிவந்த டாங்கி காங், 1983இல் லோட் ரன்னர், 1985இல் சூப்பர் மரியோ பிரதர்ஸ் என இவ்வகை விரைந்து வளர்ந்தது. இந்தியாவில் 1990களில் பிள்ளைப்பருவம் கழித்தோருள் பெரும்பாலோர் இவற்றைத் தனித்தனி ஆக்கங்களாக அறிந்தாரல்லர். தொலைக்காட்சிப் பெட்டியுடன் இணைக்கும் மலிவான கருவிகள் அக்காலத்தில் பல பெயர்களில் விற்கப்பட்டன. அவை நிண்டெண்டோ நிறுவனம் 1983இல் ஜப்பானில் வெளியிட்ட பேமிகாம் கருவியின் படிகள். அவற்றில் செருகும் 'கேசட்' ஒன்றிலேயே பத்தும் ஐம்பதுமாக ஆட்டங்கள் அடைக்கப்பட்டிருந்தன. அத்தலைமுறை முதலில் கண்டது தொகுப்பையே என்பது கருதத்தக்கது.

தொகுப்பு என்பது தமிழுக்குப் புதிதன்று. எட்டுத்தொகை நூல்கள் அடியளவு, திணை முதலிய நெறிகளால் தொகுக்கப்பட்டவை. குறுந்தொகையைத் தொகுத்தோன் பூரிக்கோ எனவும், அகநானூற்றைத் தொகுத்தோன் உருத்திரசன்மன், தொகுப்பித்தோன் பாண்டியன் உக்கிரப்பெருவழுதி எனவும் குறிப்புகள் உள்ளன. இயற்பெயர் அறியப்படாத புலவர்க்கும் அவர்தம் தொடராலேயே பெயர் அமைத்து, செம்புலப்பெயனீரார் என்றாற்போல வழங்கிய மரபும் உண்டு. கேசட் தொகை இதற்கு நேர்மாறானது. ஆக்கியோர் பெயரும் நிறுவனப் பெயரும் ஆண்டும் தொடக்கத் திரையிலிருந்து பெரும்பாலும் அழிக்கப்பட்டன. தொகுத்தோன் எவன் என்பதற்குச் சுவடில்லை. மேலட்டையில் பொறித்த எண் மட்டும் நூறு, ஆயிரம், இலட்சம் எனப் பெருகும். உள்ளே இருப்பன பத்திருபது ஆட்டங்களே. ஒரே ஆட்டத்தை வேறொரு கட்டத்திலிருந்து தொடங்கச் செய்து புதிய எண்ணும் பெயரும் இட்டனர். வணிக ஏமாற்று என்று இதனைத் தள்ளிவிடுவது எளிது. ஆயினும் பட்டியலில் கீழிறங்கிச் சென்று பழைய ஆட்டத்தையே புதிய வாயிலில் சந்தித்தது அப்பருவத்தின் வாசிப்பு முறையாகவே அமைந்தது. இன்று அவற்றைத் திரும்ப நோக்குவோர் முதலில் செய்யவேண்டுவது பாடவேறுபாடு காணும் பதிப்பாசிரியர் பணியாகும்.

அவ்வாறு நோக்கும்போது தெளிவாகத் தெரியும் செய்தி, இவ்வகையின் தொடக்கக் காலத்தில் சுரங்கம் பெற்ற இடம். மைனர் 2049ஈஆர் (1982), மேனிக் மைனர் (1983), லோட் ரன்னர் (1983), ஸ்பெலங்கர் (1983) ஆகிய நான்கும் நிலத்தடியில் நிகழ்பவை. மரியோவின் முதல் உலகிலும் இரண்டாம் கட்டம் நிலத்தடியே. இதற்குத் தொழில்நுட்பக் காரணம் ஒன்று உண்டு. தட்டும் ஏணியும் செங்கல் போன்ற சிறு படக்கட்டங்களும் குறைந்த நினைவகத்தில் அடங்குவன. அவற்றை அடுக்கினால் தோன்றுவது சுரங்கத்தின் குறுக்குவெட்டு. பொறியாளர் வரையும் சுரங்கப் படமும் இதே வடிவினதே.

இச்சுரங்கங்கள் எத்தகையன என்று கேட்பதற்குத் தமிழுலகில் உரிய இடம் கோலார் தங்கவயல். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்குத் தொழில் தொடங்கினர். வட ஆர்க்காடு முதலிய பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர், பெரும்பான்மையர் ஒடுக்கப்பட்ட வகுப்பினர், மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஊரிகம், ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை எனக் கன்னட நாட்டினுள் ஒரு தமிழ்ப் பேட்டையை உருவாக்கினர். 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் நடுவணரசும் சுரங்கங்களை ஏற்றன. 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் அமைந்தது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன. மலிவுக் கேசட்டுகள் இந்திய நகரங்களில் பரவிய பத்தாண்டும் தங்கவயலின் இறுதிப் பத்தாண்டும் ஒன்றே. திரையில் பொன் பொறுக்கும் விளையாட்டும், பொன்னெடுக்கக் கூண்டில் இறங்கிய தந்தையர் தலைமுறையின் முடிவும் ஒரே காலத்தன என்பதே இம்மதிப்பீட்டுக்குரிய முகாந்திரம்.

தொகுப்புகளில் அடிக்கடி இடம்பெற்றதும் ஆய்வுக்குரிய செழுமை மிக்கதும் லோட் ரன்னர். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவராயிருந்த டக்ளஸ் ஸ்மித் ஆப்பிள் கணினிக்கென 150 கட்டங்களுடன் இதனை ஆக்கினார். 1984இல் ஹட்சன் நிறுவனம் பேமிகாமுக்கு 50 கட்டங்களாகச் சுருக்கி வெளியிட்டது; இந்தியப் பிள்ளைகள் கண்டது இச்சுருக்கத்தின் படியே. இதன் நாயகன் தாவ இயலாதவன் என்பது வியப்பு. தாவல் ஆட்டங்களின் வரலாற்றில் தாவாத நாயகன்! ஏணியில் ஏறுவான், கம்பியைப் பற்றித் தொங்கிச் செல்வான், தன் இடப்புறமோ வலப்புறமோ உள்ள செங்கல் ஒன்றை வெட்டிக் குழியாக்குவான். தான் நிற்கும் இடத்தை வெட்ட முடியாது. ஆகவே மூன்றடுக்கு ஆழத்தில் கிடக்கும் பொன்னை அடையவேண்டுமாயின் மேலடுக்கில் அகலமாகவும் கீழே செல்லச் செல்லக் குறுகலாகவும் படிப்படியாக வெட்டவேண்டும். அதற்குள் முதலில் வெட்டிய குழி மூடத் தொடங்கிவிடும். எங்கு நின்று எதை முன்னர் வெட்டுவது என்னும் இக்கணக்கு, பாறையை அடுக்கடுக்காகப் பெயர்ப்போர் நாளும் இடும் கணக்கிற்கு மிக அண்மையது. அடியில் வெட்டுவோன் மேலுள்ளதை மறவாதிருத்தல் என்னும் தொழிலறிவை இவ்வாட்டம் விதியாகவே வைத்திருக்கிறது.

எனினும் பொன்னைப் பற்றிய இதன் கருத்து பிழையானது. 'லோட்' எனும் ஆங்கிலச் சொல் பாறையினுள் ஓடும் தாதுரேகையைக் குறிக்கும். ஆட்டத்தில் ரேகை இல்லை. பொன் தட்டின்மேல் குவியலாகக் கிடக்கிறது. வெட்டுதல் பொன்னுக்காக அன்று, துரத்துவோரை வீழ்த்துவதற்கும் வழி திறப்பதற்கும் ஆகும். தங்கவயலிலோ ஒரு டன் பாறையில் கிடைப்பது சில கிராம். வெட்டி, ஏற்றி, அரைத்து, சயனைடு கரைசலில் கரைத்துப் பிரித்த பின்னரே பொன் எனப்படுவது தோன்றும். நூற்றிருபது ஆண்டுகளில் கிடைத்த பொன் சுமார் 800 டன். அதற்காக அரைத்துக் கழித்த மண் மூன்று கோடி டன்னுக்கு மேல் என மதிப்பிடப்பட்டுள்ளது. ஊரைச் சூழ்ந்து சயனைடு மேடுகளாக நிற்கும் இக்கழிவு காற்றடிக்கும்போது வீடுகளுக்குள் புகுவது. லோட் ரன்னரின் குழி சில நொடிகளில் தானே மூடி, வெட்டிய தடம் இல்லாமற் போகிறது. ஆறும் புண்ணாகச் சுரங்கத்தைக் காட்டும் இக்கற்பனையைத் தங்கவயல் வாசகர் ஏற்பது கடினம்.

குழி மூடுதலுக்கு வேறொரு பயனும் உண்டு. உள்ளே அகப்பட்டவன், காவலனாயினும் நாயகனாயினும், மூடும் செங்கல்லுக்குள் மடிவான். காவலன் திரையின் உச்சியில் மீண்டும் தோன்றுவான். நாயகன் எண்ணித் தரப்பட்ட உயிர்களுள் ஒன்றை இழப்பான். ஆழ்சுரங்கத்தில் அழுத்தம் தாங்காத பாறை திடீரெனச் சிதறுவதைத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்று வழங்கினர். அதனைக் கேட்டறிந்த ஒருவர்க்கு மூடும் செங்கல் வெறும் விளையாட்டு விதியாகத் தோன்றாது.

காவலர் பாத்திரமும் ஆராய்தற்குரியது. ஆட்டத்தின் கதைப்படி பொன் மக்களிடமிருந்து ஒரு பேரரசு பறித்தது. நாயகன் அதனை மீட்கிறான். ஆகவே பொன்னை எடுப்போன் கள்வன் அல்லன், காப்போனே கள்வன். தங்கவயலில் தொழிலாளியே ஐயத்துக்குரியவனாகக் கருதப்பட்டான். 1930இல் கைவிரல் ரேகை பதிவு செய்யும் முறை கொணரப்பட்டபோது அதனை எதிர்த்துத் தொழிலாளர் மூன்று வாரகாலம் வேலைநிறுத்தம் செய்தனர். கூலி உயர்வுக்கு முன்பே தம்மைக் கள்வராக எண்ணுவதை எதிர்த்து எழுந்த போராட்டமாக இதனைக் கொள்ளலாம். லோட் ரன்னரை ஆக்கிய மாணவர் கோலாரை நினைத்திருக்க வாய்ப்பில்லை. ஆயினும் காவலனும் வழியில் பொன்னை எடுத்து ஒளித்துக்கொள்வான், குழியில் விழும்போது அதனை உதிர்ப்பான் என்னும் சிறு விதி, காப்போர்பற்றி அறிந்தோர் எழுதியதுபோல் உள்ளது.

ஒரு குறையையும் சுட்டவேண்டும். ஆப்பிள் வடிவில் கட்டம் முழுவதும் ஒரே திரையில் தெரியும். பேமிகாம் வடிவில் உருக்கள் பெரியன. திரை பக்கவாட்டில் நகரும். பாதி சுரங்கம் எப்போதும் மறைந்திருக்கும். திட்டமிடும் இன்பம் இதனால் குன்றியது என்று கூறுவோர் கூற்று சரியே. ஆனால் சுரங்கத்தினுள் நிற்பவன் சுரங்கத்தை முழுதும் காண்பதில்லை. முழுப்படம் மேலே அலுவலகத்தில் இருப்பது. அவ்வகையில் குறைந்த வடிவமே மெய்ம்மைக்கு அண்மையதாகிறது.

வீழ்ச்சிக்கு இவ்வாட்டங்கள் இடும் விலை ஒன்றுக்கொன்று வேறுபடும். லோட் ரன்னரில் எவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தாலும் ஊறில்லை. மரியோவும் அவ்வாறே, பள்ளத்தில் விழுந்தால்தான் இறப்பு. 1985இல் ஐரெம் நிறுவனம் பேமிகாமுக்குக் கொணர்ந்த ஸ்பெலங்கரில் நாயகன் சிறிது உயரத்திலிருந்து விழுந்தாலும் இறந்துபடுவான். ஜப்பானில் இவனை மிக மெலிந்த நாயகன் என நெடுங்காலம் எள்ளினர். இந்த எள்ளல் பொருந்தாது. அவ்வாட்டம் மின்தூக்கியில் தொடங்குகிறது. அதிலிருந்து தட்டுக்குக் கால் வைப்பதிலேயே உயிர் போகலாம். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம் சென்ற சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டேறி இறங்கியோர் உடலும் இத்தகைய உடலே. வீழ்ந்தும் எழும் மரியோவின் உடல்தான் கற்பனை.

இந்தியக் கேசட்டுகளுக்கு வெளியே, பிரித்தானியக் கணினிக்கென மாத்யூ ஸ்மித் தம் பதின்ம வயதில் எழுதிய மேனிக் மைனர் இன்னும் ஒரு படி செல்கிறது. இருபது குகைகளிலும் திரையின் அடியில் காற்றின் அளவு காட்டப்படும். அது குறைந்துகொண்டே வரும். நேரத்தைக் காற்றாக அளந்தது சுரங்கம் பற்றிய மிகச் சரியான கூற்று. ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைக் கடந்த தங்கவயலில், குளிர்வித்த காற்றைக் கீழே செலுத்துவதே தொழில் தொடர்வதற்கு அடிப்படையாயிற்று. அவ்வாட்டத்தின் கதையில், உரிமையாளர் அழிந்த பின்னும் எந்திரங்கள் கட்டளை மாற்றப்படாமல் வெட்டிக்கொண்டேயிருக்கின்றன. கோலாரில் நடந்தது வேறு: நீரிறைப்பு நின்றது, சுரங்கங்களில் நீர் ஏறியது. அடுத்த ஆண்டே, 1984இன் பிரித்தானியச் சுரங்க வேலைநிறுத்தத்தின்போது, வான்டெட்: மான்டி மோல் என்னும் தாவல் ஆட்டம் தொழிற்சங்கத் தலைவர் ஆர்தர் ஸ்கார்கிலையே கேலி உருவாக உள்ளே கொணர்ந்தது. அதன் நகைச்சுவை மேலோட்டமானது. எனினும் இவ்வகைக்குத் தொழிலாளர் அரசியல் அயலானதன்று என்பதற்கு அது சான்று.

டாங்கி காங்கில் நிகழ்ந்த விடுபாடும் இங்குக் குறிக்கத்தக்கது. மூல எந்திர வடிவில் நான்கு கட்டங்கள். அவற்றுள் இரண்டாவது, இயங்கும் பட்டைகள்மீது சாந்துத் தட்டுகள் வரும் தொழிற்கூடம். பேமிகாம் வடிவில் இடமின்மையால் அக்கட்டம் மட்டும் நீக்கப்பட்டது. தச்சன் வேடம் பூண்ட நாயகன் ஏறும் கட்டடம் இருக்கிறது, உழைப்பிடம் இல்லை.

இவ்வாட்டங்கள் இன்று முறைப்படியான தொகுப்புகளாகவும் கிடைக்கின்றன. நிண்டெண்டோ 2016இல் வெளியிட்ட சிறு கருவியில் 30 ஆட்டங்கள். லோட் ரன்னர் அவற்றுள் இல்லை. பெயரும் ஆண்டும் செம்மையாகத் தரப்படுதல் பாராட்டுக்குரியது. அழித்தெழுதிய கேசட்டுக்கு இது மாற்று. ஆனால் இத்தகைய தொகுப்புகள் எவ்விடத்திலும் நிறுத்திச் சேமிக்கும் வசதி தருகின்றன. சில, விழுந்த கணத்திலிருந்து பின்னோக்கிச் சுருட்டும் வசதியும் தருகின்றன. வளர்ந்தோர்க்கு நேரமில்லை என்பது இதற்குக் கூறப்படும் காரணம். மூன்று உயிர்களும் தீர்ந்தபின் தொடக்கத்துக்குத் திரும்புதல் இவ்வாக்கங்களின் யாப்பில் அடங்கியது. அதனை நீக்கின் எஞ்சுவது படங்களின் அணிவகுப்பே. விழாத சுரங்கத்தைக் காட்டி இளமையை மீட்டுத் தருவதாகக் கூறும் தொகுப்பைவிட, எண்ணிக்கையில் பொய்யுரைத்து வீழ்ச்சியில் மெய்யுரைத்த பழைய கேசட்டு மேலானது.

லோட் ரன்னரின் ஒவ்வொரு கட்டத்திலும் கடைசிப் பொன்னை எடுத்த கணத்தில், அதுவரை இல்லாத ஏணி ஒன்று திரையின் உச்சிவரை தோன்றும். அதன்வழி ஏறிச் சென்றால் அடுத்த கட்டம். தங்கவயலில் பொன் எடுப்பது ஆதாயமன்று எனத் தீர்ப்பான பின் தொழிலாளருக்கு எஞ்சியவை விடுப்புத் தொகையும், நிலுவை குறித்தும் வீடு குறித்தும் நீண்ட வழக்குகளும், விடியுமுன் மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குப் புறப்படும் இரயிலும் ஆகும். ஏறத்தாழ 100 கிலோமீட்டர் சென்று, அன்றே இரவு திரும்பும் பயணம் அது. சயனைடு மேடுகளுக்கும் பூட்டிய தூக்குக் கோபுரங்களுக்கும் இடையேதான் அவ்விரயில் இரவில் வந்து நிற்கிறது.