சமாதானம் செய்கிறவனின் முகம்

சண்டைக்காரனைக் கலையில் காட்டிவிடலாம். கையில் ஒரு வாளைக் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. சமாதானம் செய்கிறவனைக் காட்டுவதுதான் கஷ்டம். இரண்டு பேர் அடித்துக்கொள்ளாமல் வீடு போய்ச் சேர்ந்தார்கள் என்பதை எந்தச் சிற்பி செதுக்குவான்? அதிலும் அவன் முதலில் தன்னை மாற்றிக்கொண்டு, பிறகு பிறரிடம் போனவன் என்றால் கேட்கவே வேண்டாம். நம் கதாசிரியர்கள் இந்த இடத்துக்கு வந்ததும் ஒரு மின்னலையோ கோவில் மணியையோ வரவழைத்து, கதாநாயகனை இரண்டு சொட்டுக் கண்ணீர் விடச் செய்து, தப்பித்துக்கொள்கிறார்கள்.

சித்தன்னவாசல் ஓவியன் அப்படித் தப்பிக்கவில்லை. புதுக்கோட்டையிலிருந்து 16 கிலோமீட்டர் தூரத்தில், அறிவர் கோவிலின் விதானத்தில், ஒரு தாமரைத் தடாகம். மீன், அன்னம், எருமை, யானை எல்லாம் அதில் இருக்கின்றன. அவற்றின் நடுவே மூன்று மனிதர்கள் நின்று தாமரை பறிக்கிறார்கள். ஜைனர்கள் இவர்களைப் பவ்யர் என்பார்கள். முக்தி அடைந்துவிட்டவர்கள் அல்லர், அடையத் தகுந்தவர்கள்; தீர்த்தங்கரரின் உபதேசத்தைக் கேட்கப் போகிற வழியில் தடாகத்தில் இறங்கியிருக்கிறார்கள். அதாவது மாறிக்கொண்டிருக்கிற மனிதர்கள். ஓவியன் அவர்கள் தலையைச் சுற்றி ஒளிவட்டம் எதுவும் போடவில்லை. மனிதன் இத்தனை அருகில் வந்து நிற்கிறான், பறவை பறந்து போகவில்லை. அவ்வளவுதான் அவன் காட்டியிருக்கிற அடையாளம். எனக்கு அது போதும்.

மகேந்திரவர்மன் காலத்தியது என்று ஒரு காலத்தில் சொன்னார்கள். பிறகு, பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் கோவிலைப் புதுப்பித்ததைச் சொல்லும் கல்வெட்டைக் கொண்டு 9ஆம் நூற்றாண்டு என்றார்கள். அந்த வழக்கை அறிஞர்களிடமே விட்டுவிடுவோம். படமும் பெரும்பாலும் மங்கிவிட்டது. ஆனால் இதைப் பார்க்கிறவர்கள் அதே மலையில் ஏழடிப்பட்டத்துக்கும் ஏறிப் பார்க்க வேண்டும். துறவிகள் படுத்த கற்படுக்கைகள் அங்கே இருக்கின்றன, தலைமாட்டில் தலையணைபோல் கல்லையே உயர்த்தி விட்டிருக்கிறார்கள். ஒன்றில் சுமார் இரண்டாயிரம் வருஷத்துப் பிராமி எழுத்து. தடாகத்தின் மென்மைக்கு அடியில் இந்தக் கல்லின் கடினம் இருக்கிறது.

ஜைனரை விட்டுவிட்டு இனி ஒரு பாதிரியாரிடம் போகிறேன். காரணம், இதே சங்கடம் பக்கத்து ஜில்லாவில் இன்னொரு கலைஞனுக்கும் வந்தது. தஞ்சாவூர்ச் சிவகங்கைக் கோட்டைக்குள் இருக்கும் மாதா கோவிலில், சரபோஜி மன்னர் சொல்லி லண்டன் சிற்பி பிளாக்ஸ்மன் செய்த சலவைக்கல் சிற்பம் ஒன்று உண்டு. சுவார்ட்ஸ் ஐயர் மரணப் படுக்கையில் கிடக்கிறார், சரபோஜி அவர் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறார், சுற்றிலும் மந்திரிகளும் பள்ளிப் பிள்ளைகளும். கல்லில் கை தேர்ந்த வேலைதான். ஆனால் மரணப் படுக்கை எந்த நல்ல மனிதருக்கும் பொருந்தும். சுவார்ட்ஸுக்கு மட்டுமே பொருந்துவது எதுவும் அதில் இல்லை.

எது அவருக்கு மட்டுமே பொருந்தும்? 1726ல் பிரஷ்யாவில் பிறந்த மனிதர். ஹாலே நகரில் படிக்கும்போதே தமிழ் கற்று, 1750ல் தரங்கம்பாடியில் இறங்கினார். 1798ல் தஞ்சையில் சாகும் வரை ஊர் திரும்பவில்லை. ஹாலேக்காரர்களின் கிறிஸ்தவத்தில் உள்ளே திரும்புவதுதான் முக்கியம். கூட்டத்தோடு கூட்டமாக விசுவாசி ஆனால் போதாது, அவனவன் நெஞ்சு மாற வேண்டும். சுவார்ட்ஸின் நெஞ்சு எந்த நாளில் மாறியது என்று நான் தேடப்போவதில்லை. மாறிய நெஞ்சு திருச்சிராப்பள்ளியில் எப்படிக் குடித்தனம் செய்தது என்பது தெரிகிறது: மாதம் 10 வராகன் வருமானம், ஒரு கட்டிலுக்கே சரியாக இருக்கும் அறை, சோறும் காய்கறியும்.

1779ல் சென்னை கவர்னர் ரம்போல்ட் அவரை ஹைதர் அலியிடம் தூது அனுப்பினார். வேறு யாரையும் நம்பமாட்டேன், அந்தக் கிறிஸ்தவனை அனுப்புங்கள், அவன் ஏமாற்றமாட்டான் என்று ஹைதரே கேட்டதாகச் சொல்வார்கள். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குப் போனார், பேசினார், திரும்பினார். வழிச்செலவுக்கென்று ஹைதர் கொடுத்த 300 ரூபாயைச் சென்னை சர்க்காரிடம் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றார்கள். அதைத் தஞ்சாவூரில் ஒரு தர்மப் பள்ளிக்கூடத்துக்கு முதலாக்கினார்.

சமாதானம் வந்ததா? வரவில்லை. 1780ல் ஹைதர் கர்நாடகத்தின் மேல் படையெடுத்தார். பொள்ளிலூரில் கும்பினிப் படை அழிந்தது. தூது என்ற வகையில் அது தோல்விதான். அவர் நடுநிலையாளரும் அல்லர், கும்பினிக்கு வேண்டியவர் என்பது ஹைதருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அந்தப் பாதிரியாரை யாரும் தொடக்கூடாது என்று தன் படைக்கு உத்தரவிட்டார். எதிராளி இதைச் செய்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

டால்ஸ்டாயின் ‘புத்துயிர்ப்பு’ நாவலில் இதே விஷயம் வருகிறது. கடைசி அத்தியாயத்தில் நெக்லூதவ் மலைப்பிரசங்கத்தைப் படித்து ஒளி பெறுகிறான். அந்த அத்தியாயத்தை நான் மரியாதையோடு படித்து முடிப்பேன், நம்புவதில்லை. நம்புவதெல்லாம், அவன் மனுவைச் சுமந்துகொண்டு ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்குகிற பக்கங்களைத்தான். மனிதன் மாறிவிட்டான் என்று ஆசிரியர் சொல்ல வேண்டிய அவசியமே அங்கே இல்லை.

சுவார்ட்ஸின் வாழ்க்கையிலும் அப்படி ஒரு பக்கம் உண்டு. ஹைதர் படையெடுத்த சமயம் தஞ்சைக் கோட்டையில் நெல் இல்லை. நாட்டுப்புறத்தில் இருந்தது, ஏற்றிவர மாடு இல்லை. மாடு வைத்திருந்தவர்கள் முன்பே சர்க்காரிடம் ஏமாந்தவர்கள். நம் பேச்சுக்கு மதிப்புப் போய்விட்டது, சுவார்ட்ஸை நம்புகிறார்களா பார்ப்போம் என்றார் துளஜா மன்னர். பாதிரியார் தாமே பணம் தருவதாக வாக்குக் கொடுத்தார். ஓரிரு நாளில் ஆயிரம் மாடுகள் வந்தன. 80,000 கலம் நெல் கோட்டைக்குள் வந்து சேர்ந்தது. சொன்னபடி காசையும் எண்ணிக் கொடுத்தார்.

பிளாக்ஸ்மன் செதுக்கியிருக்க வேண்டியது இதை. மாடும் மனிதனும் அருகருகே நிற்கிற காட்சி, சித்தன்னவாசல் ஓவியன் கையில் கிடைத்திருந்தால் விட்டிருக்க மாட்டான். தமிழில் யாராவது இதை நாவலாக எழுத நினைத்தால், ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தர்பாரில் தொடங்க வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை ஏமாந்த ஒரு மாட்டுக்காரன் வீட்டு வாசலில், கயிற்றை அவிழ்க்கலாமா வேண்டாமா என்று அவன் மனைவியோடு தர்க்கம் செய்துகொண்டிருக்கும்போது தொடங்கட்டும்.