தாகமும் வேற்றுமையும்: விவிலியத் தமிழில் இறைவேட்கை

இறைவனை நாடும் உள்ளத்தின் ஏக்கத்தைத் தாகமாக உருவகிப்பது கிறித்தவ வழிபாட்டு மொழியின் அடிப்படைக் கூறுகளுள் ஒன்று. இவ்வுருவகம் தமிழுக்கு வந்தபோது சொல் மட்டும் வந்தமையவில்லை. அச்சொல்லோடு இயையும் வேற்றுமையும் மாற நேர்ந்தது. ஹென்றி பவர் தலைமையில் உருவான 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பையும் (இனி, பழைய மொழிபெயர்ப்பு), கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையினரும் இணைந்து 1995இல் வெளியிட்ட திருவிவிலியத்தையும் ஒப்பிடின் இது புலப்படும்.

1. வேற்றுமை

தமிழில் தாகம் உற்றவரைக் குறிக்கும் பெயர் நான்காம் வேற்றுமை ஏற்கும்: 'எனக்குத் தாகமாயிருக்கிறது'. வேண்டப்படும் பொருள் தொகையின் முன்னுறுப்பாக அமையும்: 'தண்ணீர்த் தாகம்', 'விடுதலைத் தாகம்'. 'தண்ணீர்மேல் தாகம்' என்பது வழக்கன்று.

42ஆம் சங்கீதத்தின் இரண்டாம் வசனத்தில், எபிரேய மூலம் இறைவனைக் குறிக்கும் பெயரோடு '-கு' என்னும் பொருள்தரும் முன்னொட்டைச் சேர்க்கிறது. அதனை அவ்வாறே பெயர்த்துத் 'தேவனுக்குத் தாகம்' என்றால், தாகம் உற்றவர் தேவனே என்றாகிவிடும். பழைய மொழிபெயர்ப்பு 'தேவன்மேல்' என்கிறது. ஆசை, அன்பு, பற்று ஆகியவற்றுக்குரிய அமைப்பு இங்குத் தாகத்திற்கு வழங்கப்பட்டுள்ளது. திருவிவிலியமும் 'கடவுள்மீது' என அதனையே தொடர்கிறது.

மத்தேயு 5:6இல் பழைய மொழிபெயர்ப்பு ஆளும் 'நீதியின்மேல்' என்பதும் இத்தகையதே. இதனைத் தமிழ் மரபறியாப் பிழை எனத் தள்ளுதல் பொருந்தாது. கிரேக்கத்தில் பசித்தல், தாகித்தல் ஆகிய வினைகள் பொதுவாக ஆறாம் வேற்றுமைப் பெயரைக் கொள்வன. இவ்வசனத்திலோ இரண்டாம் வேற்றுமை வந்துள்ளது. மூலமே தன் வழக்கிலிருந்து விலகி நிற்குமிடத்தில் பெயர்ப்பும் விலகுதல் குறையாகாது.

2. உடல்

சங்கீதத்தில் தாகம் கொள்வது 'நெஃபெஷ்'. உயிர், உள்ளம் எனப் பொருள்படும் இச்சொல்லுக்குத் தொண்டை என்னும் பொருளும் உண்டு. ஏசாயா 5:14 அதற்குச் சான்று. வறள்வதும் தொண்டையே, ஏங்குவதும் உயிரே. பழைய மொழிபெயர்ப்பின் 'ஆத்துமா' உடலை முற்றிலும் நீக்கிவிடுகிறது. திருவிவிலியத்தின் 'நெஞ்சம்' அதனை ஓரளவு மீட்கிறது. 'நெஞ்சு வறண்டுபோயிற்று' என்னும் பேச்சு வழக்கு நினைக்கத்தக்கது.

முதல் வசனத்து வினைகளிலும் இவ்வேறுபாடு உண்டு. 'வாஞ்சித்துக் கதறு' என்பதில் ஒலி மேலோங்குகிறது. 'ஏங்கித் தவி' என்பதிலோ, 'தவித்த வாய்க்குத் தண்ணீர்' என்னும் வழக்கில் உள்ள தவிப்பு உடலையும் உள்ளத்தையும் ஒருங்கே உணர்த்துகிறது. எனினும் 'வாஞ்சை' தமிழ்க் கிறித்தவரின் வேண்டுதல் மொழியில் வேரூன்றிவிட்டது; அதனை விடுவது ஒரு சமூகத்தின் நினைவை விடுவதும் ஆகும்.

3. இயல்பும் இழப்பும்

இயல்பான தமிழை நாடும் திருவிவிலியம் சிலவிடங்களில் உருவகத்தை இழக்கிறது. மத்தேயு 5:6இல் பசியும் தாகமும் மறைந்து 'வேட்கை' மட்டும் நிற்கிறது. 'நீர்வேட்கை' என்னும் பழைய வழக்கில் இச்சொல் தாகத்தையே குறித்தது. இன்றைய வாசகர்க்கு விருப்பம் என்னும் பொருளே முந்தும். பசி நீங்கியதால், வயிறார உண்ணுதலைக் குறிக்கும் கிரேக்க வினையின் இடத்தில் வரும் 'நிறைவு' என்பதும் பற்றுக்கோடின்றி நிற்கிறது.

யோவான் 19:28இல் சிலுவையில் இயேசு கூறுவது கிரேக்கத்தில் ஒரே சொல். தன்மை ஒருமை வினை. பழைய மொழிபெயர்ப்பில் 'தாகமாயிருக்கிறேன்'. திருவிவிலியத்தில் 'தாகமாய் இருக்கிறது'. பின்னதே பேச்சுக்கு இயைந்தது; ஆயின் அதில் ஆள் இல்லை, நிலைமை மட்டுமே உண்டு. முன்னதில் தாகம் உற்றவர் எழுவாயாக நிற்கிறார், சங்கீதத்தின் ஆத்துமாவைப் போலவே. யோவான் இச்சொல்லை மறைநூல் நிறைவேறுதலோடு இணைப்பதால், அவ்வொப்புமை வாசகர்க்குப் பொருளுடையது.

எனவே இயல்பு என்னும் ஒரே அளவுகோல் போதாது. தாகம் உற்றவரை நான்காம் வேற்றுமையால் குறிக்கும் மலையாளம், கன்னடம், இந்தி முதலியவற்றின் பெயர்ப்பாளரும் இச்சிக்கலை எதிர்கொள்வர். தாகத்தில் உடல் எஞ்சியுள்ளதா, தாகம் உற்றவர் யார் என்பது வாக்கியத்தில் தெரிகிறதா என்னும் இரு வினாக்களும் அங்கும் எழுப்பத்தக்கன.