எழுபது மணி நேரம் யாருடையது?

2023 அக்டோபரில் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க முன்வர வேண்டும் என்றார். போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும் உதாரணம் காட்டினார். உடனே இரண்டு அணி. 'அவர் உழைச்சுத்தானே ஜெயிச்சார்' என்றது ஒன்று. 'முதலாளி வேற எப்படிப் பேசுவார்' என்றது இன்னொன்று. இரண்டுமே மணிக்கணக்கில் சிக்கிக்கொண்டன என்பதுதான் என் புகார்.

எங்கள் பூம்பாறையில் படிக்கட்டு வயலில் பூண்டு போடுகிறவரிடம் போய் 'இன்னும் உழைங்க' என்று சொன்னால் சிரிப்பார். 2019இல் கொடைக்கானல் மலைப்பூண்டுக்குப் புவிசார் குறியீடுகூட கிடைத்துவிட்டது. ஆனாலும் மூட்டை மலையிறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போனால் விலை சொல்வது வியாபாரிதான். குனிந்து களையெடுத்த மணி நேரத்தை அங்கே யாரும் எண்ணுவதில்லை.

மூர்த்திக்கு இது தெரியாததல்ல. 1981இல் மனைவி சுதா கொடுத்த 10,000 ரூபாயோடு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தில் அவர் உழைத்த ஒவ்வொரு மணியிலும் அவருக்குப் பங்கு இருந்தது. 1994இல் இன்ஃபோசிஸ் ஊழியர்களுக்கும் பங்கு தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. கருணையுள்ள முதலாளித்துவம் என்று அவர் பேசிவருவதில் உருப்படியான பகுதி அதுதான். இந்தச் சண்டையில் அது காணாமல் போய்விட்டது.

நானும் ரிலீஸ் வாரங்களில் எழுபதைத் தாண்டியவன். மீம் வந்தபோது சிரித்து நாலு பேருக்கு அனுப்பினேன். அந்தக் கூடுதல் மணிகளில் எனக்கு என்ன சொந்தம் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை. இப்போது கேட்கிறேன்: 70 மணி நேரம் சரி சார், 1994ல செஞ்சதை ஏன் முதல்ல சொல்லலை?