நடத்தத் தெரிந்தவர், நகரத் தெரிந்தவர்

மலேசியாவின் புக்கிட் தெங்காவிலும் சுற்றியுள்ள தாமான் குடியிருப்புகளிலும் தொண்டர்களுக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் ஒரே அச்சுதான். சனிக்கிழமை காலையில் மண்டபம், மைக், திரையில் ஓடும் பட்டியல்கள், தூக்கம் கலைக்க நடுவில் ஒரு விளையாட்டு, மாலையில் சான்றிதழ். வந்தவர்களுக்குப் பேச்சு வந்துவிடும். பத்துப் பெண்கள் நடுவில் தான் வாயை மூடிக்கொண்டு அவர்களைப் பேசவைக்க வருமா என்பதுதான் சந்தேகம். இந்தத் திறனைத் தமிழில் பெரிய அளவில் சொல்லிக்கொடுத்துப் பார்த்தவர்கள் பாக்கு நீரிணையின் இரு கரையிலும் இருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து மற்றவர் கற்றதும் உண்டு. ஆனாலும் அவர்கள் உருவாக்கிய ஆட்கள் வேறு வேறு.

தமிழ்நாட்டில் இது பணத்தோடு வளர்ந்தது. 1989இல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தருமபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், 1997-98இல் மகளிர் திட்டமாக மாநிலம் முழுக்கப் பரவின. பன்னிரண்டிலிருந்து இருபது பெண்கள் ஒரு குழு. அவர்களுக்குள்ளேயே ஒருவர் ஊக்குநர், இருவர் பிரதிநிதிகள். உறுப்பினர்களுக்கு நான்கு நாள் பயிற்சி, பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஆறு நாள். வருகைப் பதிவேடு, தீர்மானப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, ரொக்கப் புத்தகம் என்று பாடத்தின் பெரும்பகுதி நோட்டுகளைச் சுற்றியே வரும்.

இதைக் கணக்குப்பிள்ளை வேலை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. நோட்டு திறந்து கிடக்கும்போதுதான் குழுவின் உண்மையான சிக்கல் வெளியே வருகிறது. இரண்டு தவணை கட்டாதவள் கூட்டத்தில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறாள். “ஏன்க்கா கட்டல?” என்று எல்லார் முன்னாலும் கேட்பது விதிப்படி சரி. ஆனால் கேட்ட கையோடு அவள் அடுத்த வாரம் வரமாட்டாள். தேர்ந்த ஊக்குநர் முந்தைய நாள் சாயங்காலமே அவள் வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்து, புருஷன் வேலைக்குப் போகிறானா, பிள்ளைக்கு உடம்பு சரியில்லையா என்று விசாரித்துவிட்டு வந்திருப்பாள். மறுநாள் கூட்டத்தில் அவள் பேச்செடுக்கும் விதமே வேறாக இருக்கும். இதை எந்த ஆறு நாள் பயிற்சியும் முழுதாகக் கொடுத்துவிடாது. அதே தெருவில் வாழ்வதால் வருவது அது. ஊக்குநர் ஊரைவிட்டுப் போக முடியாதவர். இந்திய முறையின் பலம் அதில்தான் இருக்கிறது.

பலவீனமும் அங்கேயே இருக்கிறது. எழுதப் படிக்கத் தெரிந்தவள் ஊக்குநர் ஆகிறாள், அப்படியே நிலைத்தும் விடுகிறாள். சுழற்சியில் மாற வேண்டும் என்ற விதி காகிதத்தில் இருக்கும். வங்கியும் அலுவலரும் அவளையே தேடிவர, குழுவின் குரல் என்பது கொஞ்சம் கொஞ்சமாக அவள் குரலாகவே ஆகிவிடும். இதற்கு மாற்றாக ஆந்திரத்தில் ஒரு வழி கண்டார்கள். வறுமையிலிருந்து மேலேறிய குழுப் பெண்களையே இன்னொரு ஊருக்கு அனுப்பி, இரண்டு வாரம்போல் அங்கே தங்கவைத்து, புதுக் குழுக்களை அமைக்கச் சொன்னார்கள். 2011இல் தொடங்கிய தேசிய ஊரக வாழ்வாதார இயக்கம் அதை நாடு முழுக்க எடுத்துக்கொண்டது. அப்படிப் போகிறவரைத் தமிழ்நாட்டில் சமுதாய வளப் பயிற்றுநர் என்கிறார்கள். இந்தியா கண்டவற்றில் இதுவே உருப்படியான முறை என்பது என் எண்ணம். கடன் வாங்கித் திருப்பிக் கட்டிய பெண் தன் கதையைச் சொன்னால், பட்டதாரி அலுவலர் சொல்வதைவிடக் காது கொடுப்பார்கள்.

இலங்கையில் தொடக்கமே வேறு. 1958இல் கொழும்பு நாலந்தா கல்லூரி ஆசிரியர் ஏ. டி. ஆரியரத்ன, ஒதுக்கப்பட்ட ரொடி சாதியார் வாழ்ந்த கணதொலுவ கிராமத்துக்கு மாணவர்களை அழைத்துப்போனார். சர்வோதய சிரமதானத்தின் பிறப்பு அது. பெயர் காந்தியிடமிருந்து வந்தது. மண்வெட்டி வேலைக்கு நடுவே ஊராரும் வந்தவர்களும் ஒன்றாக உட்காரும் ‘குடும்பக் கூடல்’ அங்கே உருவானது. பிக்கு முதல் சிறுபிள்ளை வரை யாரும் பேசலாம். பேரேடு இல்லை, தவணை இல்லை.

எனக்கு அதைவிடச் சுவையானது எழுபதுகளில் நடந்தது. மகாராஷ்டிரத்தின் பால்கர் பகுதியில் ஆதிவாசிகள் நிலத்துக்காகவும் கூலிக்காகவும் நடத்திய பூமி சேனா இயக்கத்தை ஆராய்ந்தவர்களில் இலங்கையர் இருவர்: ஜி. வி. எஸ். டி சில்வா, பொன்னா விக்னராஜா. வெளியிலிருந்து வருகிறவர் வழிகாட்டத் தேவையில்லை, மக்கள் தாமாக யோசிக்கத் தூண்டினால் போதும் என்ற பாடம் அங்கிருந்து இலங்கைக்கு வந்தது. 1978இல் இலங்கை அரசின் கிராம அபிவிருத்தி அமைச்சு ஐ.நா. உதவியோடு இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டு கழித்து அதே போக்கில் பிடா என்ற தன்னார்வ நிறுவனம் எழுந்தது. பயிற்சியில் விரிவுரைக்கு இடம் மிகக் குறைவு. ஊருக்குப் போ, பார், கேள், திரும்பி வந்து கூடிப் பேசு, மறுபடி போ. தேங்காய் நார்க் கயிறு திரிக்கும் பெண்களிடம் போனவர் சொன்ன யோசனை ஒன்றும் இல்லை. மட்டை யாரிடம் வாங்குகிறீர்கள், கயிறை யார் எடுக்கிறார், உங்கள் கைக்கு எவ்வளவு வருகிறது என்று கேட்டார்; கணக்கை அவர்களே போட்டார்கள். இடையில் யார் எவ்வளவு எடுக்கிறார் என்று தெரிந்தபின் அடுத்த அடியையும் அவர்களே எடுத்தார்கள்.

இந்த அனுபவத்தை எழுதிவைத்த எஸ். திலகரத்ன, 1987இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு வெளியிட்ட சிறுநூலில் ஒரு கடினமான அளவுகோலை வைக்கிறார். தூண்டுகிறவர் தன் தேவை குறைந்துகொண்டே வரும்படி வேலை செய்ய வேண்டும். இல்லாவிட்டால் பழைய முதலாளிக்குப் பதில் புது முதலாளி. தமிழ்நாட்டு ஊக்குநர் போக முடியாதவர், இலங்கைத் தூண்டுநர் இருந்துவிடக் கூடாதவர். இந்த முறை பெரிதாகப் பரவவில்லை. விலகிப்போகிற ஆளை எண்ணிக்கை காட்டச் சொல்லும் அமைச்சுக்கும் உதவி நிறுவனத்துக்கும் பிடிக்காததில் வியப்பில்லை.

இதற்கிடையில் உள்நாட்டுப் போர் வந்தது. யாழ்ப்பாணத்தில் 1987இல் தொடங்கிய சாந்திகம் என்ற உளநல நிறுவனமும், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரமும் அவருடன் இருந்தவர்களும் ஆசிரியர்கள், கிராம அலுவலர்கள், சமயத் தலைவர்கள், நாட்டு வைத்தியர்கள் என்று ஊரில் ஏற்கெனவே மதிப்புள்ளவர்களை உளசமூகப் பணிக்குப் பழக்கினார்கள். அங்கே கற்றுக்கொடுத்தது நடத்தும் திறனை அல்ல, தாங்கும் திறனை. காணாமல்போன மகனைப் பற்றி ஒரு தாய் பேசும்போது “அழாதீங்கோ அம்மா” என்று உடனே சொல்லிவிடாமல் இருக்கப் பழக வேண்டும். மனம் பதறுகிறவர்களை அவரவர் சமயத்து நாமத்தையே திரும்பத் திரும்பச் சொல்லவைத்து அமைதிப்படுத்தினார்கள். கே. சிதம்பரநாதன் போன்ற அரங்கக்காரர்கள் மக்களை வட்டமாக நிறுத்தி உடலால் பேசவைத்தார்கள்.

2004 ஆழிப்பேரலை இரு கரையையும் அடித்தது. நாகப்பட்டினத்தில் மகளிர் குழு ஏற்கெனவே இருந்த தெருக்களில் யாரை முதலில் பார்க்க வேண்டும் என்பது தெரிந்திருந்தது. இழப்பைக் கேட்கும் பழக்கம் அப்போதுதான், பெங்களூரு நிம்ஹான்ஸ் போன்ற மனநல நிறுவனங்களின் பயிற்சியில் வந்து சேர்ந்தது. இலங்கையின் வடகிழக்கில் கேட்கத் தெரிந்தவர்கள் முன்பே இருந்தார்கள்; அவர்களைத் தாங்கி நிறுத்த நிலையான பணவழி இல்லை. திட்டம் முடிந்தால் பணியாளரின் சம்பளமும் முடியும்.

இனி எங்கள் ஊருக்கு. தமிழ்நாட்டு முறையை அப்படியே இறக்க முடியாது. இங்கே பெண்கள் பிடிக்கும் ‘கூட்டு’ என்ற சீட்டு பழைய வழக்கம்தான், ஆனால் அதைத் தொழிலாக நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. சேமிப்பு வேண்டுமென்றால் கூட்டுறவுச் சங்கம்தான் வழி. அது எங்களுக்குப் புதிதல்ல: 1960இல் அன்றைய அமைச்சர் வீ. தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம், தோட்டத் தொழிலாளர் மாதம் பத்து வெள்ளி கட்டித் தோட்டத்தையே வாங்கும்படி செய்தது. அந்தப் பத்து வெள்ளியைக் கேட்டுத் தோட்டம் தோட்டமாக நடந்ததும் குழுப் பணிதான். இலங்கை முறைக்கும் இங்கே ஒரு தடை உண்டு. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு இல்லாதவர் தன்னை ஆலோசகர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அது நல்லதும்கூட. தொண்டர் தொண்டராகவே காது கொடுக்கட்டும், தாங்க முடியாததை உரியவரிடம் அனுப்பட்டும்.

ஆகவே நான் கேட்பது கலவை. சான்றிதழுக்கு முன்னால் சில வாரம் நோட்டும் மைக்கும் இல்லாமல் வீடு வீடாகப் போய்க் கேட்டுவிட்டு வந்து கூடிப் பேசுவது. பொறுப்பை ஆண்டுக்கு ஒருமுறை கட்டாயம் மாற்றுவது. நோட்டு அதற்குப் பிறகு. தலைவர் நாற்காலியை இருபது ஆண்டு விடாத சங்கங்கள் உள்ள ஊரில் இரண்டாவதுதான் கடினம். அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டியது நேரம். இங்குள்ள தொழிற்பேட்டையில் பாதிப் பெண்களுக்கு இரவு ஷிஃப்ட்டு. சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள். எப்போது கூடலாம் என்று அவர்களிடமே கேட்டுவிட்டு மண்டபத்தைப் பதிவு செய்யலாம்.