பண்புக்கு எத்தனை மார்க்?

2004-ல் 'வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.' வந்தபோது கட்டிப்பிடி வைத்தியத்துக்குத் தியேட்டரில் விசில் பறந்தது. டாக்டர் கொஞ்சம் அன்பாகப் பேசினால் தேவலை என்கிற ஏக்கம்தான், வேறென்ன? பதினாலு வருஷம் கழித்து, 2018-ல், இந்திய மருத்துவக் கவுன்சில் அதற்கு ஒரு புத்தகமே போட்டது. பெயர் 'ஏட்காம்'. மனப்பாங்கு, நெறி, பேச்சு மூன்றையும் எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்குக் கற்றுத்தரும் பாடத்திட்டம். 2019-ல் சேர்ந்தவர்களிலிருந்து கட்டாயம். (2020-ல் கவுன்சில் போய் தேசிய மருத்துவ ஆணையம் வந்தது. புத்தகம் பிழைத்துக்கொண்டது.)

சும்மா சொல்லக் கூடாது, நல்ல புத்தகம். மொத்தம் 27 பாடங்கள். டாக்டராக இருப்பது என்றால் என்ன என்று ஆரம்பித்து, அடுத்த பாடத்திலேயே நோயாளியாக இருப்பது என்றால் என்ன என்று கேட்கிறது. அறுத்துப் படிக்கிற சடலத்தை முதல் ஆசிரியராக மதிக்கச் சொல்கிறது. எழுதியவர்களுக்கு விஷயம் தெரிந்திருக்கிறது.

கோளாறு பரீட்சையில். இதிலிருந்தும் தாளில் கேள்வி உண்டு. கேள்வி வந்தால் கைடு வராதா? வந்தாச்சு. 'கெட்ட செய்தியை நோயாளியிடம் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டால், நம் பிள்ளைகள் சப்-ஹெடிங், அடிக்கோடு எல்லாம் போட்டு எழுதித் தள்ளிவிடுவார்கள். மறுநாள் வார்டில் பெரிய டாக்டர், 'ஏம்மா, இத்தனை நாள் என்ன பண்ணிட்டிருந்தே?' என்று அம்மா வயசுப் பெண்மணியை ஏக வசனத்தில் விரட்டினால்? பின்னால் பதினைந்து மாணவர்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்தப் பாடம் மனசில் தங்கும்?

நான் படித்தது பி.காம். ஆடிட்டிங்கில் பாலபாடம் இது: ஸ்டாக் ரெஜிஸ்டரைப் பார்த்துக் கையெழுத்துப் போடாதே, குடோனைத் திறந்து மூட்டையை எண்ணு.

அமெரிக்காவில் எண்ணினார்கள். மேக்ஸின் பாபடாகிஸும் சகாக்களும், ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளான 235 டாக்டர்களின் கல்லூரிக் கால ஃபைல்களைத் தோண்டி, வம்பில் மாட்டாத 469 பேருடைய ஃபைல்களோடு ஒப்பிட்டு 2005-ல் வெளியிட்டார்கள். மாட்டியவர்களில் பலரைப் பற்றி 'நடத்தை சரியில்லை' என்று மாணவப் பருவத்திலேயே குறிப்பு இருந்திருக்கிறது. மார்க் குறைவும் ஓர் அறிகுறிதான். ஆனால், நடத்தை அதைவிட வலுவான அறிகுறி. அதிலும் முன்னால் நின்றது படுமோசமான பொறுப்பின்மை. ஒழுங்காக வார்டுக்கு வராதது, நோயாளியை அப்புறம் திரும்பிப் பார்க்காதது, இந்த ரகம்.

இதை எந்தத் தாளும் பிடிக்காது. நைட் ட்யூட்டி நர்ஸுக்குத் தெரியும். பிரிட்டனில் பயிற்சி டாக்டர்களை எடைபோடும்போது உடன் வேலை பார்க்கும் நர்ஸ்களிடமும் கருத்துக் கேட்கிறார்கள். இங்கே, 'நர்ஸ் எங்களுக்கு மார்க் போடுவதா?' என்று பொங்குவார்கள். போடட்டுமே. வார்டு ஆயாவிடம்கூடக் கேட்கலாம். பெரிய டாக்டருக்கும் சேர்த்து.